தொண்டு செய்யக் கடல் கடக்கிறோம்... யாருக்காக?

ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறை வந்துவிட்டால் சாங்கி விமான நிலையத்தில் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். ஒரே நிறச் சட்டை அணிந்த இருபது, முப்பது இளையர்கள். அவர்களைச் சுற்றிப் பெட்டி பெட்டியாக நோட்டுப் புத்தகங்கள், வண்ணப் பென்சில்கள், பந்துகள். கம்போடியாவுக்கோ வியட்னாமுக்கோ நேப்பாளத்துக்கோ தொண்டூழியப் பயணம் புறப்படுகிறார்கள். வழியனுப்ப வந்த அம்மாக்களின் முகத்தில் பாதி பெருமை, பாதி கவலை.

இப்படிப் போய் வருவது சிங்கப்பூரில் இன்று புதிய செய்தி அல்ல. சிங்கப்பூர் அனைத்துலக அறநிறுவனம் 1991ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. இளையர்களைக் குழுக்களாக வெளிநாடுகளுக்கு அனுப்பும் திட்டம் 2000ஆம் ஆண்டில் தொடங்கியது. மாணவராக ஒருமுறை போய்வந்தவர்கள், வேலைக்குச் சேர்ந்த பிறகு தங்கள் விடுப்பையும் சேமிப்பையும் செலவழித்து மீண்டும் போகிறார்கள். ஏன்?

எங்கள் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் அந்த ‘ஏன்’தான் பேசுபொருளாக இருந்தது. வெளிநாட்டில் தொண்டு செய்தால் வாழ்க்கைக்கு ஒரு நோக்கம் கிடைக்குமா என்பது கேள்வி. விளம்பர இடைவேளைகள் போக எங்களுக்குக் கிடைத்த நேரம் கொஞ்சம்தான். அரங்கில் பேசியதோடு, பேச முடியாமல் போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பார்வையாளர் வரிசையிலிருந்து 29 வயதுப் பெண் ஒருவர் எழுந்து பேசியபோது அரங்கமே அமைதியாகிவிட்டது. “படிச்சு முடிச்சேன். கணக்குத் துறையில நல்ல வேலை. வீட்டுக்கும் பதிவு பண்ணியாச்சு. ஆனா காலையில ரயில் ஏறும்போது, எதுக்கு இதெல்லாம்னு தோணுது. ஆறு மாசம் சம்பளமில்லா விடுப்பு எடுத்துட்டுக் கம்போடியா போய், ஓர் அனாதை இல்லத்துல பிள்ளைங்களோட இருந்துட்டு வந்தா மனசு தெளியுமா?”

இதைக் கேட்டதும் முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் சிரித்துவிட்டார். துறைமுகத்தில் மூட்டை சுமந்த தலைமுறைக்கு ‘வாழ்வின் நோக்கம்’ என்று உட்கார்ந்து யோசிக்க நேரமில்லை. பிள்ளைகளைக் கரையேற்றுவதே நோக்கம். அது அவர்களுக்குப் போதுமானதாகவும் இருந்தது. ஆனால் கரையேறிய பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வி வரத்தானே செய்யும்? அதைக் கொழுப்பு என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பெண் கேட்டது நேர்மையான கேள்வி. ஆனால் அதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. அவர் மனம் தெளிவதற்காக அங்குள்ள பிள்ளைகள் என்ன விலை கொடுப்பார்கள்?

விலையா என்று திகைக்க வேண்டாம். கம்போடியாவின் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் ஆட்சியில் அந்த நாடு பட்ட பாடு உலகம் அறிந்தது. குடும்பங்கள் சிதறின. ஏராளமான குழந்தைகள் உண்மையிலேயே அனாதைகள் ஆனார்கள். அவர்கள் வளர்ந்து பெரியவர்களாகி, நாட்டில் அமைதி திரும்பிய பிறகு அனாதை இல்லங்கள் குறைந்திருக்க வேண்டும் அல்லவா? நடந்தது தலைகீழ். 2005க்கும் 2010க்கும் இடையில் கம்போடியாவின் அனாதை இல்லங்கள் 75 விழுக்காடு பெருகின. போர் இல்லை, பெருங்கொள்ளை நோய் இல்லை. பெருகியது சுற்றுப்பயணிகளும் தொண்டூழியர்களும்தான். அந்த இல்லங்களில் இருந்த குழந்தைகளில் ஏறத்தாழ நால்வரில் மூவருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருந்தார்கள் என்று ஐக்கிய நாட்டுச் சிறார் நிதியத்தின் ஆதரவுடன் நடந்த ஆய்வு 2011ஆம் ஆண்டில் எடுத்துச் சொன்னது.

இது எப்படி நடக்கிறது? கிராமத்தில் ஓர் ஏழைத் தாய். மூன்று பிள்ளைகள். ஊருக்குள் ஒருவர் வந்து, “நகரத்தில் இல்லம் இருக்கிறது. மூன்று வேளைச் சோறு, ஆங்கிலப் படிப்பு, வெள்ளைக்காரர்கள் வந்து பார்த்துக்கொள்வார்கள்” என்கிறார். எந்தத் தாய்க்கும் சபலம் தட்டும். பிள்ளை இல்லத்துக்குப் போகிறது. இல்லத்துக்கு வருமானம் பார்வையாளர்களிடமிருந்து வருகிறது. பார்வையாளர்கள் இரக்கப்பட்டால்தான் பணம் கொடுப்பார்கள். பிள்ளைகள் பளிச்சென்று இருந்தால் யார் இரக்கப்படுவார்கள்? ஆகவே சில இல்லங்களில் பிள்ளைகள் வேண்டுமென்றே வறிய நிலையில் வைக்கப்பட்டார்கள். வந்தவர்களுக்கு ஆடிக் காட்டினார்கள், பாடிக் காட்டினார்கள். எல்லா இல்லங்களும் அப்படி என்று சொல்ல மாட்டேன். நல்ல மனத்தோடு நடத்தப்பட்டவையும் உண்டு. ஆனால் நல்ல இல்லத்திலும் ஒரு சிக்கல் தீராது. ஒரு குழந்தை ‘அக்கா’ என்று ஒட்டிக்கொள்கிறது. இரண்டு வாரத்தில் அக்கா விமானம் ஏறிவிடுகிறாள். அடுத்த வாரம் இன்னொரு அக்கா. ஓர் ஆண்டில் எத்தனை முறை அந்தக் குழந்தை கைவிடப்படுகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

நாம் அழுதுகொண்டே விடைபெறுகிறோம். அந்த அழுகையை ‘வாழ்க்கையையே மாற்றிய அனுபவம்’ என்று இணையத்தில் படத்தோடு எழுதுகிறோம். என் தொழிலே படம் பிடிப்பதுதான். கேமராவைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனாலும் நம் வீட்டுப் பிள்ளையின் பள்ளிக்கு முன்பின் தெரியாத முப்பது பேர் வந்து, தோளில் கை போட்டுப் படம் எடுத்தால் நாம் விடுவோமா? பள்ளி முதல்வர் அன்றே காவல்துறையை அழைத்திருப்பார்.

கம்போடிய அரசும் சிறார் நிதியமும் பிறகு இந்தக் குழந்தைகளைக் குடும்பங்களோடு மீண்டும் சேர்க்கும் வேலையில் இறங்கின. 2019ஆம் ஆண்டு டிசம்பரில் ஐக்கிய நாட்டுப் பொதுச் சபை சிறார் உரிமைத் தீர்மானம் ஒன்றை நிறைவேற்றியது. அனாதை இல்லங்களில் தொண்டூழியம் செய்வதும் சுற்றுலாவாகப் போய்ப் பார்ப்பதும் விளைவிக்கும் தீங்கு அதிலும் குறிப்பிடப்பட்டது. ஆக, அந்தப் பெண்ணுக்கு நான் அரங்கிலேயே சொன்ன பதில்: போங்கள், ஆனால் அனாதை இல்லத்துக்கு வேண்டாம்.

அப்படியானால் எங்கே போவது, என்ன செய்வது? இதற்கு வழிகாட்டும் ஒரு கதை நம் மதுரையிலேயே இருக்கிறது.

டாக்டர் வெங்கடசாமி 1976ஆம் ஆண்டில், அரசாங்கப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வுபெற்ற பிறகு, 11 படுக்கைகளோடு மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன கைகளைக்கொண்டு கண் அறுவை சிகிச்சை செய்தவர் அவர். அந்தக் காலத்தில் ஏழைகளுக்குக் கண்புரையை நீக்கினால், பிறகு சோடாபுட்டி போன்ற தடித்த கண்ணாடியைத்தான் கொடுப்பார்கள். அது உடைந்தாலோ தொலைந்தாலோ மீண்டும் இருட்டு. பணக்கார நாடுகளில் கண்ணுக்குள்ளேயே சிறு வில்லையைப் பொருத்தினார்கள். ஒரு வில்லையின் விலை ஏறத்தாழ 100 அமெரிக்க வெள்ளி. கூலித்தொழிலாளிக்கு எட்டாத விலை.

அமெரிக்காவின் சேவா அறநிறுவனத்திலிருந்து வந்த டேவிட் கிரீன் என்பவர் இங்கே வருகிறார். அவர் கண் மருத்துவர் அல்லர். பொதுச் சுகாதாரம் படித்தவர். முதலில் அவர் செய்தது, நம்மில் எவரும் செய்யக்கூடியதுதான். அமெரிக்க நிறுவனங்களிடம் கேட்டு வில்லைகளை நன்கொடையாகப் பெற்றுத் தந்தார். ஆனால் நன்கொடை எத்தனை நாளைக்கு வரும்? கொடுப்பவர் நிறுத்திவிட்டால் மதுரையில் வரிசையில் நிற்பவருக்கு என்ன பதில் சொல்வது? வில்லையை மதுரையிலேயே செய்தால் என்ன என்ற எண்ணம் அங்கேதான் முளைத்தது. தொழில்நுட்பம் எங்கே கிடைக்கும், யார் சொல்லித் தருவார்கள் என்று அவர் தேடித் திரிந்தார். 1992ஆம் ஆண்டில் ஆரோலேப் தொழிற்கூடம் தொடங்கியது. அதை ஏற்று நடத்தியவர்கள் அரவிந்த் குழுவினரே. வில்லையின் விலை 10 அமெரிக்க வெள்ளி அளவுக்கு இறங்கியது. பிறகு இன்னும் இறங்கியது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு மதுரையிலிருந்து வில்லை போகிறது.

நன்கொடை வில்லைகளைப் பெட்டியில் அடைத்து அனுப்பிய கட்டத்திலேயே அவர் நின்றிருந்தால் அதுவும் புண்ணியம்தான். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அங்கிருந்தவர்களின் தேவை என்ன என்ற கேள்வியை அவர் விடவில்லை. அவருக்கு வாழ்க்கைத் தொழிலாகவே அது அமைந்துவிட்டது. இதே வழியில், விலை உயர்ந்த மற்ற மருத்துவப் பொருள்களையும் ஏழைகளுக்கு எட்டும் விலையில் செய்ய வழி தேடினார். நோக்கம் அவரைத் தேடி வந்தது என்று சொல்லலாமா? வேலையைப் பிடித்துக்கொண்டே போனார், அதுவே நோக்கமாகிவிட்டது என்பதே பொருத்தம்.

இதற்கு நேர்மாறான காட்சியும் தமிழ்நாட்டிலேயே உண்டு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் 6,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. உலகமே உதவிக்கு ஓடி வந்தது. உதவியாக வந்தவற்றில் மலை மலையாகப் பழைய துணிகள். மீனவக் குடும்பங்கள் அவற்றைத் தொடவில்லை. சாலையோரங்களில் குவிந்து மழையில் நனைந்தன. எல்லாம் இழந்தவர்கள்தான், ஆனால் அடுத்தவர் கழித்துப் போட்டதை உடுத்தும் நிலைக்கு அவர்கள் தங்களைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. அந்தத் துணிகளை அப்புறப்படுத்துவதே நிர்வாகத்துக்குத் தனி வேலையாகிப்போனது. அனுப்பியவர்கள் கெட்டவர்களா? இல்லை. ‘உங்களுக்கு என்ன வேண்டும்?’ என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நம் வட்டாரத்தில் பிறந்து, இந்தப் பாதையில் வெகுதூரம் போனவர்கள் இருவரைப் பற்றியும் அரங்கில் பேசினோம். ஒருவர் மலேசியாவின் டாக்டர் ஜெமிலா மஹ்மூட். மகப்பேறு மருத்துவர். 1999ஆம் ஆண்டு கொசோவோ போர்ச் செய்திகளைப் பார்த்து, உதவிக்குப் போக விரும்பினார். தம்மை அனுப்பக்கூடிய அமைப்பு உள்ளூரில் கிடைக்காததால் மெர்சி மலேசியாவைத் தாமே தொடங்கினார். 2003ஆம் ஆண்டில் பாக்தாத்தில் துப்பாக்கிச் சூட்டில் காயப்பட்டார். அதன் பிறகும் ஒதுங்கவில்லை. இன்னொருவர் பினாங்கில் பிறந்து சிங்கப்பூரில் வளர்ந்த டாக்டர் ஆங் சுவீ சாய். லண்டனில் எலும்பு அறுவை மருத்துவராக இருந்தவர். 1982ஆம் ஆண்டில், போரில் சிக்கிய பெய்ரூட்டுக்கு எலும்பு அறுவை மருத்துவர் தேவை என்ற வேண்டுகோளைக் கேட்டு வேலையை விட்டுவிட்டுப் போனார். இஸ்ரேல்மீது பரிவோடு வளர்ந்த கிறிஸ்துவர் அவர். அகதி முகாமில் சப்ரா, ஷத்திலா படுகொலையை நேரில் கண்டு, இஸ்ரேலிய விசாரணைக் குழுவின் முன் சாட்சியும் சொன்னார். பாலஸ்தீன மக்களுக்கான மருத்துவ உதவி அமைப்பு ஒன்றை உருவாக்கியவர்களுள் அவரும் ஒருவர். ஐந்தடி உயரம்கூட இல்லாத பெண்மணி!

இருவரிடமும் ஒரு பொதுத்தன்மை உண்டு. எனக்கு ஓர் அர்த்தம் வேண்டும் என்று அவர்கள் கிளம்பவில்லை. அங்கே ஒரு கை தேவைப்பட்டது. அந்த வேலை தெரிந்த கை இவர்களிடம் இருந்தது.

“அவங்க டாக்டருங்க. நாம என்ன செய்யறது?” என்று உடனே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு என்னைவிட நன்றாகப் பதில் சொன்னவர் அரங்கிலிருந்த ஓய்வுபெற்ற மின்பணியாளர் ஒருவர். கம்போடியக் கிராமம் ஒன்றின் மருந்தகத்துக்கு ஆண்டுக்கு இருமுறை போகிறவர். முதல் பயணத்தில் ஒரு கம்பியைக்கூட அவர் தொடவில்லையாம். எங்கே மின்கசிவு, எந்தச் சுவிட்சு சுடுகிறது, தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டி எத்தனை முறை நின்றுபோகிறது என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டார். இரண்டாவது பயணத்திலிருந்து உள்ளூர் இளையர்கள் இருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வேலை செய்தார். நான்கு ஆண்டுகளில் அந்த இருவரும் தேறிவிட்டார்கள். இப்போது சந்தேகம் வந்தால் மட்டும் கைப்பேசியில் அழைக்கிறார்கள்.

“போன தடவை நான் போனப்ப எனக்கு வேலையே இல்ல. சந்தோஷமா இருந்துச்சு. கொஞ்சம் வருத்தமாவும் இருந்துச்சு” என்றார்.

அந்த வருத்தத்தை மறைக்காமல் சொன்னாரே, அதுதான் எனக்குப் பிடித்தது. தேவைப்படுகிறவராக இருப்பது இன்பம். அந்த இன்பத்துக்காக நாம் இல்லாமல் நடக்காத மாதிரி ஒரு வேலையை வைத்துக்கொள்வது சுலபம். ஆண்டுதோறும் ஒரே பள்ளிச் சுவருக்குச் சாயம் பூசிவிட்டு வருகிற குழுக்களைப் பற்றி இத்துறையில் இருப்பவர்கள் வேடிக்கையாகப் பேசிக்கொள்வதுண்டு. சாயம் பூச உள்ளூரில் ஆள் இல்லையா? இருக்கிறார், வேலை கிடைக்காமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்.

கணக்குத் துறைப் பெண்ணிடம் திரும்புவோம். கணக்கு என்பது சாதாரணத் திறன் அல்ல. சிறிய தொண்டு அமைப்புகள் பலவற்றில் நல்ல மனம் இருக்கிறது, வரவு செலவு ஏடு ஒழுங்காக இருப்பதில்லை. கணக்குச் சரியாக இல்லாவிட்டால் பெரிய நன்கொடையாளர்கள் பணம் தரமாட்டார்கள். அங்குள்ள ஒருவருக்குக் கணக்கெழுதக் கற்றுக்கொடுத்துவிட்டு வந்தால், ஆறு மாதம் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பதைவிடப் பல மடங்கு பயன். ஆனால் அந்த வேலையில் கட்டிப்பிடித்து அழ யாரும் இருக்கமாட்டார்கள். புழுக்கமான அறையில் ரசீதுகளோடு உட்கார வேண்டும். அதில் மனம் நிறைகிறதா என்று பார்ப்பதுதான் உண்மையான சோதனை என்று நினைக்கிறேன்.

காலமும் ஒரு கேள்வி. ஒருகாலத்தில் நாமே உதவி பெற்ற இடத்தில் இருந்தோம் என்பதை இளையர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். அமெரிக்க அமைதிப் படைத் தொண்டூழியர்கள் 1962ஆம் ஆண்டில் மலாயாவுக்கு வரத் தொடங்கினார்கள். 1983 வரை 4,000க்கும் மேற்பட்டோர் ஆசிரியர்களாகவும் தாதியராகவும் வேறு பணிகளிலும் மலேசியாவில் சேவை செய்தார்கள். வந்தவர்கள் மலாய் கற்றார்கள். வழக்கமான பணிக்காலம் இரண்டு ஆண்டுகள். இரண்டு வாரத்தில் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்குள் திரும்பும் நாள் வந்துவிடும். எல்லாராலும் இரண்டு ஆண்டு போக முடியாதுதான். ஐந்து நாடுகளுக்கு ஒவ்வொரு முறை போவதைவிட ஒரே ஊருக்கு ஐந்து முறை போகலாமே!

ஒரு தாயார், “வெளிநாட்டுக்குப் போறதுக்கு முன்னாடி உள்ளூர்ல செய்யட்டுமே” என்றார். பாதி ஒப்புக்கொள்கிறேன். 2020ஆம் ஆண்டில் கொவிட்-19 கிருமி வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகளில் பரவியபோது, சிங்கப்பூரின் விடுதிகளில் 3 லட்சத்துக்கும் அதிகமான ஊழியர்கள் இருந்தார்கள். அவர்களில் ஏராளமானோர் தமிழ்நாட்டிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்தவர்கள். ‘எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாகக் காய்ச்சல்’ என்று கேட்கத் தமிழோ வங்காளமோ தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். மொழி தெரிந்தவர்கள் மொழிபெயர்க்க முன்வந்தார்கள். வீட்டில் பேசுகிற தமிழ் அன்று ஒரு மருத்துவக் கருவி. ஆக, வெளிநாடு நம் வாசலுக்கே வந்திருக்கிறது. ஆனால் உள்ளூரில் செய்தாலே போதும் என்று நிறுத்திவிடுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. கொசோவோவுக்கும் பெய்ரூட்டுக்கும் போகாவிட்டால் அந்த இரு மருத்துவர்களின் கண் அந்த அளவுக்குத் திறந்திருக்காது.

புறப்பட முடிவு செய்துவிட்டவர்களுக்குச் சில வார்த்தைகள். அனுப்பும் அமைப்பிடம் முதலில், இந்த வேலையைக் கேட்டது யார் என்று கேளுங்கள். உள்ளூர் மக்களா, அமைப்பின் விளம்பரப் பிரிவா? நீங்கள் கட்டும் பணத்தில் எவ்வளவு அந்த ஊருக்குப் போகிறது என்றும் கேளுங்கள். முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள். குழந்தைகளோடு பழகப் போகிறவரிடம் எந்தப் பின்னணிச் சோதனையும் செய்யாத அமைப்பு என்றால் அந்த வாசலையே மிதிக்காதீர்கள். அவசர காலத்தில் விமானத்தில் அழைத்து வரும் காப்புறுதி, தடுப்பூசி இவற்றை அலட்சியம் செய்யாதீர்கள். நோயாளியாகிவிட்டால் அந்த ஊரின் ஒரே மருந்தகத்துக்கு நீங்கள்தான் கூடுதல் பாரம்.

திரும்பி வந்த பிறகு முதல் சில வாரங்கள் ஒரு மாதிரியாக இருக்கும். பேரங்காடியில் இருபது வகைப் பற்பசையைப் பார்த்தால் எரிச்சல் வரும். அலுவலகப் பேச்சு அற்பமாகத் தோன்றும். வீட்டாரிடம் அதைக் கோபமாகக் கொட்டாதீர்கள். அம்மா வைத்த மீன் குழம்பு என்ன பாவம் செய்தது? அந்தச் சூடு ஆறுவதற்குள் உட்கார்ந்து, அங்கே செய்ய முடியாமல் விட்டுவந்த வேலைகளை எழுதுங்கள். எழுதியதை அங்கே உங்களோடு வேலை செய்தவருக்கு அனுப்பி, எது எது தேவையில்லையோ அதை அடித்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். மிச்சம் இருப்பதற்கு மட்டும் அடுத்த விமானச்சீட்டு வாங்குங்கள்.